காப்பீட்டு அட்டைக்குப் பிறகு: நாடு திரும்பிய குடும்பங்களுக்கான மருத்துவ வழிகாட்டி

முகாமை விட்டு வரும்போது எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவருவது என்று பல நாள் யோசித்திருப்பீர்கள். அதில் பலர் கவனமாகப் பொதி செய்து கொண்டுவரும் ஒன்று, தமிழ்நாட்டு அரசு கொடுத்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை. வீட்டில் யாருக்காவது பெரிய வருத்தம் வந்தபோது அந்த அட்டைதான் கைகொடுத்தது. இங்கே வந்த பின் எங்கள் பணியாளர்களிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வியும் அதைப் பற்றியதுதான்: "இந்த அட்டையை இங்கே எங்கே புதுப்பிப்பது? புதுப்பிக்க முடியாவிட்டால் வருத்தத்துக்கு என்ன செய்வது?"

இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்காமலே இருந்துவிட்ட ஒரு ஐயாவை நான் சந்தித்திருக்கிறேன். பிரஷருக்குப் பல வருடமாகக் குளிசை எடுத்தவர். கொண்டுவந்த குளிசை ஆறு கிழமையில் முடிந்தது. இங்கே அட்டை இல்லாமல் வைத்தியசாலைக்குப் போனால் காசு கேட்பார்கள் என்று நினைத்து, வீடு கட்டி முடியும் வரை பொறுப்போம் என்று விட்டுவிட்டார். நான்காவது மாதம் பாரிசவாதம் வந்து வலது கை விழுந்தது. அவருடைய வீட்டிலிருந்து கிளினிக் நடக்கும் வைத்தியசாலை மூன்று கிலோமீற்றர் தூரம். அங்கே அந்தக் குளிசை இலவசம். அவருக்கு அதை யாரும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அந்த ஒரு குறையைப் போக்குவதற்காக எழுதப்படுகிறது.

அந்த அட்டை இங்கே செல்லுமா?

செல்லாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கியது. இலங்கைத் தமிழர் முகாம்களில் பதிவுள்ள குடும்பங்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அதில் இடம் கொடுக்கப்பட்டது. திட்டத்தின் பட்டியலில் உள்ள சிகிச்சைகளை, அதில் இணைந்த வைத்தியசாலைகளில்தான் பெறலாம். இலங்கையில் அதற்குப் பெறுமதி இல்லை. புதுப்பிக்கும் அலுவலகமும் இல்லை.

ஆனால் குடும்பத்தில் சிலர் இன்னும் அங்கே இருந்தால் நிலைமை வேறு. மகன் படிப்பை முடிக்க நிற்கலாம். அம்மம்மா பிறகு வருவதாகச் சொல்லியிருக்கலாம். அவர்களின் காப்பீடு தொடர வேண்டுமானால், முகாமில் குடும்பப் பதிவைத் திருத்தும்போதே காப்பீட்டு விபரத்தையும் திருத்தச் சொல்லுங்கள். குடும்பத் தலைவரின் பெயரில் அட்டை இருந்து அவர் நாடு திரும்பிவிட்டால் இது மிகவும் அவசியம். சத்திர சிகிச்சைக்கு அனுமதிக்கப்பட்ட நாளில் இந்தச் சிக்கல் தெரியவந்தால் அலைச்சல் அதிகம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் இதைச் செய்யலாம். திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி இலக்கம் 1800 425 3993. இது இந்தியாவுக்குள் இருந்து அழைப்பதற்குரியது.

இங்கே எதற்கு அட்டை தேவையில்லை?

இலங்கையில் அரச வைத்தியசாலைகளில் 1950களின் தொடக்கத்திலிருந்து சிகிச்சை இலவசம். காப்புறுதியில் சேர்வதோ வருடாவருடம் புதுப்பிப்பதோ இதற்குத் தேவையில்லை. வெளிநோயாளர் பிரிவில் காட்டுவது, விடுதியில் தங்குவது, சத்திர சிகிச்சை, பிரசவம், மாதாந்தக் கிளினிக் மருந்து எல்லாம் இதில் அடங்கும். அங்கே காப்பீடு செய்த வேலையை இங்கே அரச சுகாதார சேவையே நேரடியாகச் செய்கிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு விடயத்தைக் கவனியுங்கள். இந்தச் சலுகை இலங்கைப் பிரசைகளுக்கு உரியது; வெளிநாட்டவரிடம் கட்டணம் அறவிடும் நடைமுறையும் உண்டு. இந்தியாவில் பிறந்து, இலங்கைப் பிரசாவுரிமைப் பதிவு இன்னும் முடியாத பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் அந்தப் பதிவைப் பின்போடாதீர்கள். அது முடியும் வரை பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் தேசிய அடையாள அட்டை, நாடு திரும்பியதற்கான ஆவணம், கிராம அலுவலரின் வதிவிடக் கடிதம் ஆகியவற்றின் பிரதிகளை ஒரே கோவையில் வைத்திருங்கள். வைத்தியசாலைப் பதிவில் கேள்வி எழுந்தால் அந்தக் கோவையைக் காட்டி நிலைமையைச் சொல்லுங்கள். அவசர நிலையில் ஆவணம் தேடி நேரம் போக்க வேண்டாம். முதலில் நோயாளியைக் கொண்டுபோங்கள்.

எந்த வைத்தியசாலைக்குப் போவது?

அங்கே ஜி.எச். என்று சொல்லிப் பழகிய எங்களுக்கு, இங்குள்ள பெயர்கள் முதலில் குழப்பமாக இருக்கும். சிறியதிலிருந்து பெரியதாக அவை இப்படி அமையும்:

• ஆரம்ப மருத்துவப் பராமரிப்பு அலகு, பிரதேச வைத்தியசாலை: காய்ச்சல், இருமல், காயம், பிரஷர், சீனி வருத்தம் போன்றவற்றுக்கு முதலில் போக வேண்டிய இடம்.
• ஆதார வைத்தியசாலை: விசேட வைத்திய நிபுணர்கள் இருப்பார்கள். தெல்லிப்பழை, பருத்தித்துறை, மாங்குளம் போன்ற இடங்களில் உள்ளன.
• மாவட்டப் பொது வைத்தியசாலை: வவுனியா, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய இடங்களில் உள்ளன.
• போதனா வைத்தியசாலை: வடக்கில் யாழ்ப்பாணத்தில் உள்ளது. சனங்கள் பெரியாஸ்பத்திரி என்று சொல்வது இதைத்தான்.

சின்ன வருத்தத்துக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகும். கிட்ட உள்ள வைத்தியசாலையில் காட்டினால், தேவையானபோது அவர்களே கடிதம் தந்து மேலே அனுப்புவார்கள். அந்தக் கடிதத்தோடு போவது உங்களுக்கும் இலகு.

வைத்தியசாலைக்கு வெளியிலும் ஒரு சேவை இருக்கிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஒன்று உண்டு. அதன் கீழ் உங்கள் ஊருக்குக் குடும்பநல உத்தியோகத்தர் ஒருவரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவரும் இருப்பார்கள். சனங்கள் மிட்வைஃப் அம்மா, பி.எச்.ஐ. ஐயா என்று சொல்வார்கள். முகாமுக்கு வந்துபோன நர்சம்மாவைப் போலத்தான் குடும்பநல உத்தியோகத்தரும் வீடு தேடி வருவார். ஆனால் நீங்கள் வந்து குடியேறியது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கிராம அலுவலரிடம் பதியும் கிழமையிலேயே அவரிடமும் பதிந்துகொள்ளுங்கள்.

தொடர்ந்து மருந்து எடுப்பவர்கள்

அதிக ஆபத்து இவர்களுக்குத்தான். பிரஷர், சீனி, இருதய வருத்தம், வலிப்பு, ஆஸ்துமா, மனநோய் ஆகியவற்றுக்கு மருந்து எடுப்பவர் அதை இடையில் நிறுத்தினால், உடம்பு சில நாள் ஒன்றும் காட்டாது. அந்த அமைதியை நம்பக் கூடாது. செய்ய வேண்டியவை இவை:

1. இன்னும் புறப்படாத உறவினர் இருந்தால், அங்குள்ள வைத்தியரிடம் நோயின் பெயர், மருந்தின் பெயர், அளவு எல்லாம் எழுதிய கடிதம் ஒன்று வாங்கச் சொல்லுங்கள். மருந்தின் கம்பனிப் பெயர் மட்டும் போதாது. இந்தியக் கம்பனிப் பெயர்கள் பல இங்கே கிடையாது. மருந்தின் பொதுப் பெயர் எழுதியிருந்தால் இங்குள்ள வைத்தியருக்கு உடனே விளங்கும்.

2. வைத்தியசாலையில் தங்கியிருந்தவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொண்டுவாருங்கள். இங்கே அதை நோய் நிர்ணய அட்டை என்பார்கள். எக்ஸ்ரே, ஸ்கான், ஈ.சி.ஜி., இரத்தப் பரிசோதனை முடிவு எதையும் எறிய வேண்டாம்.

3. குறைந்தது ஒரு மாதத்துக்கான மருந்தாவது கையில் இருக்கட்டும். அது முடியும் வரை காத்திராமல், வந்த முதல் இரண்டு கிழமைக்குள் கிட்ட உள்ள வைத்தியசாலைக்குப் போய்க் கிளினிக்கில் பதியுங்கள். கடிதம் இல்லாதவர்கள் மீதிக் குளிசையையும் அதன் உறையையும் கொண்டுபோங்கள்.

4. கிளினிக் கொப்பியில் அடுத்த திகதி எழுதித் தருவார்கள். அந்தத் திகதிதான் இங்கே உங்கள் "புதுப்பித்தல்". அன்றைக்குப் போனால் அடுத்த தவணை மருந்து கிடைக்கும். போக முடியாமல் போனால் மறுநாளே போய்ச் சொல்லுங்கள். ஏசுவார்கள் என்று பயந்து வீட்டில் இருக்க வேண்டாம்.

காசநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் ஒரு நாளும் விடாமல் தொடர வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ள மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் அந்த மருந்து இலவசம். பாதியில் விட்டால் நோய் திரும்பும். திரும்பும் நோய்க்கு அதே மருந்து வேலை செய்யாமலும் போகலாம்.

வருத்தம் ஒன்றும் இல்லை என்று நினைப்பவர்களும் 35 வயதைத் தாண்டியிருந்தால், ஆரோக்கிய வாழ்க்கை நிலையம் எங்கே நடக்கிறது என்று கேட்டு ஒரு தடவை போய் வாருங்கள். பிரஷர், சீனி முதலியவற்றை இலவசமாகப் பார்ப்பார்கள். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் குடியேறுவோர் சிறுநீரகப் பரிசோதனை பற்றியும் விசாரியுங்கள். அந்த மாவட்டங்களின் சில பகுதிகளில் நாட்பட்ட சிறுநீரக நோய் இருக்கிறது. தொடக்கத்தில் அது வெளியே தெரியாது.

காய்ச்சல் வந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்

இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று 2016 இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆனால் அதைப் பரப்பும் நுளம்பு இங்கே இன்னும் இருக்கிறது. இந்தியாவிலிருந்து வந்த ஒருவரின் உடம்பில் கிருமி இருந்தால் அது ஊருக்கே திரும்பப் பரவலாம். ஆகவே வந்து ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் வந்தால், வைத்தியரிடம் "நாங்கள் இந்தியாவிலிருந்து வந்தவர்கள்" என்று நீங்களாகவே சொல்லி மலேரியாவுக்கு இரத்தம் சோதிக்கக் கேளுங்கள். சோதனையும் மருந்தும் இலவசம். இங்குள்ள வைத்தியர்கள் மலேரியாவைக் காண்பது அரிது. நீங்கள் சொல்லாவிட்டால் அவர்களுக்கு அது நினைவுக்கு வராமல் போகலாம்.

பிள்ளைகளும் கர்ப்பிணித் தாய்மாரும்

தமிழ்நாட்டில் போட்ட தடுப்பூசிகளின் அட்டையைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். இரு நாட்டு அட்டவணைகளும் ஒன்றல்ல. உதாரணமாக, இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் 12 மாதத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போடப்படுகிறது. எது போட்டாயிற்று, எது மீதி என்று பார்த்து அவர்கள் திகதி தருவார்கள். அட்டை தொலைந்திருந்தாலும் போங்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் புதிய சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டையும் கேட்டு வாங்குங்கள். பள்ளிக்கூடத்துக்குச் சேர்க்கும்போதும் அது உதவும்.

கர்ப்பிணித் தாய்மார் எத்தனையாவது மாதத்தில் வந்தாலும் வந்த கிழமையிலேயே பதிய வேண்டும். அங்கே செய்த ஸ்கான், இரத்தவகை முடிவுகளைக் கொண்டுபோங்கள். தாய்மாருக்கான திரிபோஷா, போஷாக்குக் கொடுப்பனவு பற்றியும் அங்கேயே கேட்கலாம்.

பாடசாலைப் பிள்ளைகளுக்கு மட்டும் இங்கே ஓர் அரச காப்புறுதி இருக்கிறது. அதன் பெயர் சுரக்ஷா. 2017 இல் தொடங்கி, இடையில் நின்று, 2024 இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. பெற்றோர் தவணைப் பணம் கட்டுவதில்லை. பிள்ளை விபத்தில் சிக்கினாலோ வைத்தியசாலையில் தங்கினாலோ இதன்மூலம் உதவி கோரலாம். இப்படியான திட்டங்கள் இடையில் நிற்பதும் நிபந்தனைகள் மாறுவதும் உண்டு. எனவே ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் "இந்த வருடம் நடக்கிறதா? எதற்கெல்லாம் கொடுக்கிறார்கள்?" என்று அதிபரிடமோ வகுப்பாசிரியரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். கோரிக்கைக்கு நோய் நிர்ணய அட்டையும் பற்றுச்சீட்டுகளும் வேண்டும்; அவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

இலவசம் என்றாலும் செலவு வரும்போது

உண்மையைச் சொல்ல வேண்டும். சிகிச்சை இலவசமானாலும் சில வேளை ஒரு மருந்து இருப்பில் இருக்காது. வெளியே வாங்கச் சொல்லுவார்கள். 2022 இன் பொருளாதார நெருக்கடியில் இந்தத் தட்டுப்பாடு மிக மோசமாக இருந்தது. சில பரிசோதனைகளுக்கு நீண்ட நாள் காத்திருக்க வேண்டும். பெரிய சிகிச்சைக்குக் கொழும்புக்கோ மகரகமைக்கோ போனால் கூடப் போகிறவரின் சாப்பாடு, தங்குமிடம், பயணம் எல்லாம் உங்கள் பொறுப்பு. அப்போது பார்க்கக்கூடிய வழிகள்:

• மருந்து வெளியே வாங்கச் சொன்னால், அதன் பொதுப் பெயரில் துண்டு எழுதித் தரக் கேளுங்கள். அதே மருந்து பல விலைகளில் கிடைக்கும். அரச மருந்தகமான ஒசுசல கிளை அருகில் இருந்தால் முதலில் அங்கே விசாரியுங்கள்.

• இருதய சத்திர சிகிச்சை, சிறுநீரக மாற்று, புற்றுநோய் போன்ற பெரிய செலவுகளுக்கு ஜனாதிபதி நிதியம் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு உதவுகிறது. முன்பு கொழும்புக்கு அலைய வேண்டியிருந்தது. 2025 முதல் உங்கள் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். சத்திர சிகிச்சைக்குத் திகதி சொன்ன உடனேயே போய் விசாரியுங்கள். கடன் வாங்கிக் கட்டிவிட்டு, பிறகு கேட்கலாம் என்று இருக்காதீர்கள்.

• அஸ்வெசும திட்டத்தில் சிறுநீரக நோயாளர், மாற்றுத்திறனாளிகள், முதியோர் ஆகியோருக்குத் தனிக் கொடுப்பனவு உண்டு. புதிய விண்ணப்பம் எப்போது கோரப்படும் என்று கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டுவையுங்கள். அறிவித்தல் வந்தபின் காலம் குறுகியதாக இருக்கும்.

• புற்றுநோய்க்கு எல்லோரும் மகரகமைக்கே போக வேண்டும் என்றில்லை. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது. எந்தச் சிகிச்சையை அங்கே தொடரலாம் என்று உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள்.

• கால் இழந்தவர்கள், பொய்க்கால் பழுதானவர்கள் யாழ்ப்பாணத்தில் உள்ள ஜெய்ப்பூர் நிலையத்தை அணுகலாம்.

• அரச சித்த வைத்தியசாலைகளிலும் சிகிச்சை பெறலாம். கைதடியில் சித்த போதனா வைத்தியசாலை இருக்கிறது. ஆனால் பிரஷர், சீனி, வலிப்புக் குளிசைகளை நீங்களாக நிறுத்திவிட்டு அங்கே போகாதீர்கள். இரு வைத்தியரிடமும் இரண்டையும் சொல்லுங்கள்.

தனியார் காப்புறுதி விற்க முகவர்கள் வீட்டுக்கு வரலாம். சேர்வது உங்கள் விருப்பம். கையெழுத்து வைக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: ஏற்கெனவே உள்ள வருத்தத்துக்குக் காசு தருவீர்களா? சேர்ந்து எத்தனை மாதத்துக்குப் பிறகு கோரலாம்? ஒரு தவணை கட்டத் தவறினால் என்ன நடக்கும்? பதிலை வாயால் சொன்னால் போதாது. பத்திரத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். மீள்குடியேற்ற உதவிப் பணத்தை அந்த இடத்திலேயே கொடுத்துவிட வேண்டாம்.

அவசரம் என்றால்

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வீட்டு வாசலுக்கு வரும். அழைப்பும் இலவசம், பயணமும் இலவசம். வட மாகாணத்தில் இது 2018 முதல் இயங்குகிறது. புதிதாகக் குடியேறிய இடத்துக்கு வழி சொல்வது கடினம். ஆகவே பக்கத்தில் உள்ள கோயில், பாடசாலை, குளக்கட்டு என்று ஓர் அடையாளத்தை இப்போதே தீர்மானித்து, வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

பல வருடம் பற்றையாகக் கிடந்த வளவைத் துப்புரவு செய்யும்போது பாம்பு கடித்தால் நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். கடித்த இடத்தைக் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் கூடாது. நாய் கடித்தால் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் நன்றாகக் கழுவி அன்றே போங்கள். இரண்டுக்கும் உரிய ஊசி அரச வைத்தியசாலைகளில் இலவசம்.

நித்திரை வராமல், பழைய நினைவுகளோடு, வீடு திரும்பியும் மனம் திரும்பாமல் இருப்பவர்களும் எங்களிடையே உண்டு. அதுவும் வருத்தம்தான், அதற்கும் மருந்தும் பேச ஆளும் உண்டு. 1926 என்ற இலக்கம் தேசிய மனநல உதவிச் சேவைக்குரியது. மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் மனநலக் கிளினிக்கும் நடக்கிறது.

முதல் மாதத்தில் செய்து முடிக்க வேண்டியவை

முதலாம் கிழமை: கிராம அலுவலரிடம் பதிவு. அதே கிழமை குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிவு. 1990 ஐ எல்லோர் தொலைபேசியிலும் பதிதல்.
இரண்டாம் கிழமை: மருந்து எடுப்பவர்கள் கிளினிக்கில் பதிதல். தடுப்பூசி அட்டைகளைக் காட்டுதல்.
மூன்றாம் கிழமை: பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்த்து, சுரக்ஷா பற்றிக் கேட்டல். பிரசாவுரிமைப் பதிவு மீதியிருந்தால் தொடங்குதல்.
நான்காம் கிழமை: பிரதேச செயலகத்தில் அஸ்வெசும பற்றி விசாரித்தல். மருத்துவ ஆவணங்களைப் பிரதி எடுத்து, மழைத் தண்ணீர் படாத உறையில் வைத்தல்.

தொடக்கத்தில் சொன்ன ஐயா இப்போது மாதம் தவறாமல் கிளினிக்குக்குப் போகிறார். மகள் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகிறாள். கை முழுதாகத் திரும்பவில்லை. புதிதாக வருபவர்களைக் கண்டால் அவர் முதலில் கேட்பது, "குளிசை எடுக்கிறனீங்களோ? எத்தனை நாளுக்கு இருக்கு?" என்பதுதான். உங்கள் அயலில் ஒரு குடும்பம் புதிதாக வந்து இறங்கினால் நீங்களும் அதையே கேளுங்கள்.